கச்சேரிக் கூடத்துக் கண்ணாடி

அன்று காலை கச்சேரிக் கட்டடத்தில் யார் யார் இருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஊரில் பாதிப் பேர் "நானும் அங்கதான் இருந்தேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு பேர் இருந்திருந்தால் அந்தக் கட்டடம் தாங்கியிருக்காது.

நான் இருந்தேன். என் நாத்தனார் கோமளா இருந்தாள். அன்று அங்கே திறக்கவிருந்த தொழில் மையத்தின் மேலாளர் பிரவீன் தம்பி, வேலூர்ப் பிள்ளை, விலைச்சீட்டு நூல்கூடப் பிடுங்காத புதுச் சட்டையில் இருந்தார். கண்ணாடி பொருத்துகிற ரஷீத் பாய் தன் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். வாசலுக்கு வெளியே, தெருவில் தறிக்கான பட்டுப் பாவை விரித்திருந்த ஏகாம்பரம் அண்ணன், அவர் மனைவி சரோஜா அக்கா, அவர்களுக்குக் கைகொடுக்க சேவூரிலிருந்து வந்த அக்காவின் தம்பிகள் இருவர். மைக் செட்காரர். அவருடைய வயர் சுருளின் மேல் படுத்திருந்த ஓர் ஆடு.

இவ்வளவுதான். வந்திருக்க வேண்டியவரும் அதுவரை வராதவரும் திறப்பு விழாத் தலைவர் ஒருவர்தான். அவருக்காக ஷாமியானா கடையில் வாடகைக்கு எடுத்த சிவப்புக் கம்பளம், சுருட்டினபடியே வாசல் கதவுக்குப் பின்னால் கிடந்தது. கார் தெருமுனையில் திரும்பினதும் விரித்தால் போதும் என்று பிரவீன் தம்பி சொல்லியிருந்தார். முன்னாலேயே விரித்தால் ஆடு வந்து படுத்துக்கொள்ளும் என்று அவருக்குக் கவலை.

எனக்கு இருந்த கவலைகளோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பலகை மாறியது, பெயர் மாறவில்லை

ஆரணியில் பழைய கச்சேரி என்றால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். பாட்டுக் கச்சேரி இல்லை, ஜாகீர்தார்கள் ஆண்ட காலத்தில் வரி வசூலித்த கட்டடம். ஜன்னலில் கை விட்டால் முழங்கை வரை உள்ளே போகிற அளவுக்குக் கனத்த சுவர். மேலே தேக்கு உத்தரம். உள்ளே நுழைந்தால் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரே கூடம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே பத்திரப் பதிவு ஆபீஸ் நடந்தது. அப்புறம் நூல் மூட்டை அடுக்கும் கிடங்கு ஆயிற்று. அதற்கப்புறம் பூட்டிக் கிடந்தது. வௌவால்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன.

பிறகு ஒரு வருஷம் சாரம் கட்டினார்கள். சுண்ணாம்பு அரைத்தார்கள். வௌவால்களுக்கு வேறு வீடு கிடைத்ததா என்று நான் விசாரித்தேன், யாரும் பதில் சொல்லவில்லை. வெள்ளையடித்து, ஏ.சி. போட்டு, "தொழில் புத்தாக்க மையம்" என்று பலகை மாட்டினார்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் குறைந்த வாடகையில் இடம், மேசை, மின்சாரம், இன்டர்நெட் எல்லாம் தருவார்களாம். இங்கிலீஷில் அதற்கு இன்குபேஷன் சென்டர் என்று பெயர்.

"இன்குபேஷன்னா கோழிக்குஞ்சு பொரிக்க வெப்பாங்களே, அந்த மெஷின்தானே?" என்றாள் கோமளா. "போ அண்ணி, போயி முட்டையாட்டம் குந்திகினு இரு. நான் ராத்திரிக்கு சோறு எடுத்தாறேன்."

கிண்டல் செய்தாலும் விண்ணப்பத்தை அவள்தான் எடுத்துவந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அச்சடித்த காகிதத்தைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

எங்கள் தொழிலைப் பற்றி இதே பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். பட்டுச் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, கறை எடுப்பது, பெட்டியில் கிடந்து நைந்த பழைய பட்டைப் புதுப்பிப்பது. கோமளாவும் நானுமாக வீட்டு முன்னறையில் செய்துகொண்டிருந்தோம். அந்த அறையில் டியூப் லைட் வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தில் அரக்குச் சேலையில் கறை எது, மடிப்பின் நிழல் எது என்று தெரியாது. ஒவ்வொரு சேலையையும் தெருவாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வெயிலில் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே ஓடுவோம்.

கச்சேரியின் வடக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் பணப்பெட்டி வைத்திருந்த அறை ஒன்று இருக்கிறது. வடக்கு பார்த்த பெரிய ஜன்னல். காலையிலிருந்து சாயங்காலம்வரை கூசாத, ஒரே சீரான வெளிச்சம். அந்த அறையைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

நேர்முகத்துக்குப் போனோம். லேப்டாப் வைத்த பிள்ளைகளுக்கு நடுவில் நான் மட்டும் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா கேட்டார்: "உங்க ஸ்டார்ட்அப் எந்தப் பிரச்னையைத் தீர்க்குது?"

கோமளா முந்திக்கொண்டாள். "கல்யாணப் பந்தியில பொண்ணோட அம்மா மடியில சாம்பார் கொட்டுதுங்களே, அந்தப் பிரச்னைங்க."

அறை எங்களுக்குக் கிடைத்தது. ஒதுக்கீட்டு உத்தரவைத் திறப்பு விழா அன்று மேடையில் தருவதாகச் சொன்னார்கள். நான் அதற்குள்ளேயே சென்னைக் கடை ஒன்றின் ஆர்டரை ஒப்புக்கொண்டுவிட்டேன். சேலை மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. வீட்டில் படுக்க இடமில்லை. என் வீட்டுக்காரர் களம்பூர் அரிசி ஆலையிலிருந்து வந்து மூட்டைகளைத் தாண்டித் தாண்டிச் சாப்பிட உட்காருவார். வேலைக்கு இரண்டு பெண்களையும் வரச் சொல்லியாகிவிட்டது.

உத்தரவோடு வரும் விதிகளை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு விதியை நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து மனப்பாடமே செய்துவிட்டேன். மையத்தின் உடைமைக்குச் சேதம் விளைவிப்போரின் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும். அதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் சுவரோரம் நடக்கவே பயந்தேன்.

மேசைக்கு மேலே பட்டு

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் அன்று நடந்தது விளங்காது.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளைப் பாவு என்பார்கள். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால், தெரு நீளத்துக்கு இழுத்து விரித்து, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, காயவைத்துச் சுருட்ட வேண்டும். விடிவதற்கு முன்னால் ஆரம்பித்தால்தான் வெயில் உறைக்கும் முன்னால் முடியும். எங்கள் தெருவில் பாவு விரித்திருந்தால் பைக்காரர்கள் இன்றைக்கும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள்.

நடுவில் மழை வந்தால் அவ்வளவுதான். கஞ்சியும் ஈரமுமாக இழைகள் ஒட்டிக்கொள்ளும். பிரிப்பதற்குள் பாதி அறுந்து போகும். பட்டு முதலாளியுடையது, நஷ்டம் நெய்கிறவருடையது.

அதனால் எங்கள் தெருவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மழை வந்தால் கச்சேரிக் கதவு பாவுக்குத் திறக்கும். யார் ஆரம்பித்ததோ தெரியாது. ஜாகீர் காலத்திலேயே உண்டு என்பார் அப்பா. அப்பாவுக்கு எல்லாமே ஜாகீர் காலம்தான். பஸ் ஸ்டாண்டுகூட.

கூடத்தின் நீளத்துக்கு ஒரு பாவு சரியாகப் பொருந்தும். கோடிச் சுவரில் பெரிய இரும்பு வளையம் ஒன்று பதித்திருக்கும். பாவின் ஒரு நுனியை அதில் கட்டி, மறு நுனியை வாசல் பக்கம் இழுத்துப் பிடித்தால் போதும். அந்த வளையம் யானை கட்டுவதற்காக வைத்தது என்று சிலர் சொல்வார்கள். கூடத்துக்குள் யானையை எதற்குக் கட்ட வேண்டும் என்று நான் யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

"பாவு! பாவு!" என்று தெருவில் குரல் கேட்டதும் பதிவு ஆபீஸ் குமாஸ்தா முதலில் மை பாட்டிலை மூடுவார். பிறகு இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்வார். கீழே கஞ்சித் தண்ணீர் சொட்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் மேசைக்கு மேலே அரக்குப் பட்டு ஊர்ந்துகொண்டு போகும். அதன் கீழே குனிந்துகொண்டே முத்திரை குத்துவார். நிலம் வாங்க வந்தவர், விற்க வந்தவர், சாட்சிக்கு வந்தவர் எல்லோரும் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருமுறை பாகம் பிரிக்க வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒரே பாவின் கீழே மாட்டிக்கொண்டார்களாம். வெளியே பேய் மழை. நகர இடமில்லை. மழை விட்டபோது பத்திரம் எழுதாமலே ஒன்றாக எழுந்து போனார்கள் என்று அம்மா சொல்வாள். அம்மா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

எனக்கு அந்தக் கூடத்தின் வாசனைதான் மறக்கவில்லை. புளித்த கஞ்சி, ஈரப்பட்டு, மை, குமாஸ்தாவின் மூக்குப்பொடி. பாவின் கீழே குறுக்குக் குச்சியை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். "ஆட்டாதடி. மூச்ச கூட மெல்ல விடு" என்பாள் அம்மா. ஓட்டில் மழை கொட்டும். உள்ளே யாரும் பேச மாட்டார்கள். அத்தனை பேர் சேர்ந்து ஒரே பொருளைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் மட்டும் எனக்கு எந்தப் பயமும் இருக்காது. இரண்டு கைக்கும் வேலை இருந்தால் பயத்துக்கு இடம் எங்கே?

மற்ற நேரமெல்லாம் வானத்தைப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம்தான் உட்காருவேன். "ஏய் வசந்தா, பாடம் போர்டுல இருக்குதா, வானத்துல இருக்குதா?" என்று டீச்சர் கேட்பார். எங்கள் பாவு தெருவில் கிடக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அப்பாவுக்குத் தோள்பட்டை தூக்க முடியாமல் போனபோது, வீட்டில் ஒரு ஜோடிக் கை குறைந்தது. என் கையைக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் நின்றது. வானத்தைப் பார்க்கிற பழக்கம் நிற்கவில்லை. கல்யாணமாகி, தறியே இல்லாத வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை.

வாயைத் திறக்காத நாள்

விழாவுக்கு முந்தின வாரம் முழுக்க நான் தினமும் மழை வரும் என்று சொன்னேன். ஒரு நாளும் வரவில்லை. பந்தல்காரர் என்னைக் கண்டாலே குடை பிடிப்பது போலக் கையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தார்.

அன்று காலை புறப்படும்போதே கோமளா சத்தியம் வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு மட்டும் வாயத் தொறந்து மழைன்னு சொன்னே, நான் அப்படியே ஊட்டுக்குத் திரும்பிடுவேன் அண்ணி. அந்த மேனேஜர் பையனே அரண்டு போயிருக்குறான். நீ வேற பேஜார் பண்ணாதே."

சரி என்றேன்.

கச்சேரி வாசலுக்குப் போனால், நடுத்தெருவில் ஏகாம்பரம் அண்ணன் பாவு! மாம்பழ மஞ்சள், மூன்று கல்யாணச் சேலைக்கு உண்டான நீளம்.

"இன்னாண்ணே, இன்னிக்கி விழாவாச்சே!"

"விடியறதுக்குள்ள முடிச்சிருப்பேம்மா. இந்த மைக் செட்டுக்காரன் கம்பம் நட்டுகினு இருந்தான். அவன் நட்டு முடிக்கத்தான் நான் நீட்ட முடிஞ்சுது. தோ, காஞ்சிகினே இருக்குது. ஜல்தியா சுருட்டிடுவேன்."

"ஜல்தியாமே!" என்றாள் சரோஜா அக்கா, பாவின் மறுகோடியிலிருந்து. "பொண்ணு பாக்க வந்தப்போ ஜல்தியா கல்யாணம்னாரு இந்த மனுசன். ரெண்டு வருசம் இழுத்தாரு."

பெரிய கதவை உள்பக்கம் தாழிட்டு, வெளியே நிலைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். நாங்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனோம். உள்ளே போனதும்தான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். கூடத்தின் கோடிக்குக் கொஞ்சம் முன்னால், தரையிலிருந்து மேலே வரை, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக. அதற்குப் பின்னால் மீட்டிங் ரூம். முந்தின நாள் சாயங்காலம்தான் ரஷீத் பாய் பொருத்தியிருந்தார். நடுப்பாளம் அத்தனை சுத்தம். அங்கே ஒன்றும் இல்லாதது போல இருந்தது. அதற்கு அப்பால் பழைய இரும்பு வளையம் கறுப்பு பெயின்ட் பூசிக்கொண்டு சுவரில் அப்படியே இருந்தது. அழகுக்காக விட்டிருக்கிறார்கள் என்றார் பிரவீன் தம்பி.

"யாராவது முட்டிக்கப் போறாங்க தம்பி. ஒரு பொட்டாவது ஒட்டி வெக்கக் கூடாதா?"

"ஸ்டிக்கர் நாளைக்கு வருது மேடம். இன்னைக்கு யாரு முட்டிக்கப் போறாங்க?" என்றார். அவர் கையில் இருந்த கோப்பில் என் உத்தரவு இருந்தது. அதன் ஓரம் வெளியே எட்டிப் பார்த்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடக்கு அறை ஜன்னல் வழியாக வானமும் தெரிந்தது. கோட்டைப் பக்கம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் திரண்டுகொண்டிருந்தது. நான் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். கோமளா என்னையே பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"கார் களம்பூர் தாண்டிடுச்சாம்!" என்று பிரவீன் தம்பி போனை வைத்த அதே நேரத்தில், ஒரு துளி இரண்டு துளி என்ற பேச்சே இல்லாமல் மழை மொத்தமாகக் கொட்டியது.

"பாவு! பாவு!"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். என் கை தாழ்ப்பாளில் இருந்தது. தாழ்ப்பாள் விலகியது. கதவு இரண்டும் உள்பக்கம் திறந்தன.

பின்னால் நடந்து வந்தவர்

பாவைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஒரு முறை உண்டு. முன் நுனியைப் பிடித்திருப்பவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் நடக்க வேண்டும். முகமும் கண்ணும் பாவின் மேல் இருக்க வேண்டும். எங்கே தொய்கிறது, யார் கை தாழ்கிறது என்று பார்த்துப் பார்த்து இழுத்துக்கொண்டே பின்னுக்கு நடக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் கை தளரும், பாவு தரையில் விழும்.

ஏகாம்பரம் அண்ணன் அப்படித்தான் வந்தார். பாவுத் தடியை நெஞ்சோடு குறுக்காக அணைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி. ரிப்பன் அவர் முதுகில் மாட்டி, நீண்டு, பட்டென்று அவிழ்ந்து தோளில் தொங்கியது.

"மேடம், ரிப்பன்!" என்று கத்தினார் பிரவீன் தம்பி.

மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட மஞ்சள் பட்டு உள்ளே வந்துகொண்டே இருந்தது. சேவூர்த் தம்பிகள் நடுவில் பிடித்திருந்தார்கள். மைக் செட்காரர்கூட ஒரு குச்சியைப் பிடித்தபடி வந்தார். கோமளா ஓடிப்போய் ஒரு பக்கம் கை கொடுத்தாள். அண்ணனுக்கு அந்தக் கூடத்தின் ஒவ்வொரு கல்லும் தெரியும். சின்ன வயதிலிருந்து வந்து போன இடம். நேரே வளையம் வரைக்கும் போக வேண்டும், வழியில் எதுவும் கிடையாது. பூட்டித் திறந்த பிறகு அவர் உள்ளே வந்ததே இல்லை.

எனக்குத் தெரிந்தது. "அண்ணே" என்று வாயைத் திறந்தேன். காலையிலிருந்து மூடி வைத்த வாய், அவசரத்துக்குச் சத்தமே வரவில்லை.

முதலில் பட்டது அவர் முதுகு இல்லை, தடியின் இரும்புப் பூண் போட்ட முனை. கண்ணாடியின் ஓரத்தில் லேசாகத்தான் தட்டியது. பாளம் முழுவதும் ஒரு நொடி பனி மாதிரி வெளுத்தது. பிறகு கற்கண்டு மூட்டை அவிழ்ந்தது போலப் பொலபொலவென்று தரையில் கொட்டியது.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். "யாரும் கைய விடாதீங்க!" என்றார். அவ்வளவுதான். யாரும் விடவில்லை.

அவர் செருப்பில்லாத காலோடு கண்ணாடிச் சில்லுகளுக்கு முன்னால் நின்றார். பின்னால் போக முடியாது. முன்னால் வந்தால் பாவு தொய்யும். வாசல் கோடியில் சரோஜா அக்கா இன்னும் மழையில் நின்றிருந்தாள். அந்த நுனி நனைந்துகொண்டிருந்தது.

"ஜல்தி இன்னாவாச்சும் பண்ணுங்க!" என்று அலறினாள்.

அப்போது பிரவீன் தம்பி செய்த காரியத்தை அவரே பிற்பாடு நம்பவில்லை. கதவுக்குப் பின்னால் கிடந்த கம்பளச் சுருளைக் காலால் எட்டி உதைத்தார். அது பாவின் கீழேயே கூடத்தின் நீளத்துக்கு உருண்டு விரிந்துகொண்டு போய், மிச்சச் சுருளோடு அண்ணன் குதிகாலில் முட்டி நின்றது. ரஷீத் பாய் பாவின் கீழே குனிந்து ஓடி, அந்தச் சுருளைச் சில்லுகளின் மேலே தள்ளிவிட்டார். தலைவருக்கு விரிக்க வேண்டிய சிவப்புக் கம்பளத்தின் மேல் ஏகாம்பரம் அண்ணன் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து, கண்ணாடி இருந்த சட்டத்துக்குள் நுழைந்து, சுவர் வரைக்கும் போனார். நுனியை வளையத்தில் மாட்டினார்.

பாவு முழுவதும் உள்ளே வந்துவிட்டது. சரோஜா அக்கா நிலைப்படிக்குள் நின்று மறு நுனியை இழுத்துப் பிடித்தாள்.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. புது பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து கஞ்சி வாசனை மெல்ல எழும்பியது. அதற்கும் அடியில் கட்டடத்தின் பழைய வாசனை, வௌவாலும் சுண்ணாம்புமாக. நான் ஒரு குறுக்குக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லாமலே மூச்சை மெல்ல விட்டேன்.

யார் பெயரை எழுதுவது

நுனி கொஞ்சம்தான் நனைந்திருந்தது, பாவுக்கு மோசமில்லை என்று அண்ணன் தடவிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் கண்ணாடி ஞாபகம் வந்தது.

பிரவீன் தம்பி கோப்பைப் பிரித்தார். "மேடம், இதுக்கு ரிப்போர்ட் எழுதணும். மேல கேப்பாங்க. யாரு பொறுப்புன்னு ஒரு பேர் போட்டே ஆகணும்."

"என் பேர எழுதுங்க தம்பி. கதவத் தொறந்தது நான்தான்" என்றேன். சொல்லும்போதே வடக்கு ஜன்னல் கண்ணில் வந்தது. வீட்டில் குவிந்திருந்த மூட்டைகளும் வந்தன.

"அது எப்படி? இடிச்சது நானு. என் பேர எழுதுப்பா. ஏகாம்பரம்னு போடு" என்றார் அண்ணன், தடியைப் பிடித்தபடியே.

"பெரிய தர்மப் பிரபு!" என்றாள் சரோஜா அக்கா வாசலிலிருந்து. "இந்த மாசம் கரண்டு பில்லே கோமளாகிட்ட வாங்கிக் கட்டினோம். இவரு கண்ணாடிக்குக் கட்டுறாராம்."

பிரவீன் தம்பி என்னைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்தார். "மேடம், உங்க பேர எழுதினா ரூம் போயிடும். விதியில இருக்கு."

"தெரியும் தம்பி. படிச்சேன்."

அதுவரைக்கும் ரஷீத் பாய் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சில்லுகளை ஒரு துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். "சார், ஒரு விஷயம்" என்றார். "சேதம் ஆனது யாரு சாமான்?"

"மையத்தோடதுதான் பாய்."

"அது எப்படி ஆவும்? நான் வேலை முடிச்சேன்னு நீங்க கையெழுத்து போட்டீங்களா?"

"இன்னும் போடல. இன்னைக்குத்தான்..."

"காசு குடுத்தீங்களா?"

"அட்வான்ஸ் குடுத்தோமே."

"அட்வான்ஸு மத்த பாளத்துக்கே சரியாப் போச்சு. நடுப்பாளத்துக்கு நீங்க ஒத்த ரூபா குடுக்கல. எங்க தொழில்ல காசு வராத சாமான் கடைக்காரன் சாமான். அப்போ ஒடஞ்சது என் கண்ணாடி. என் கண்ணாடி ஒடஞ்சுதுன்னு நான் இல்ல புகார் குடுக்கணும்? நான் குடுக்கல." துணியை உதறிவிட்டு மேலும் சொன்னார்: "ஓரத்துல ரப்பரே இன்னும் வெக்கல. ரப்பர் வெக்காத பாளம் கோழி இறகு பட்டாலும் போவும்."

ரப்பர் வைத்திருந்தாரா இல்லையா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. பிரவீன் தம்பியும் பார்க்கவில்லை. அவர் பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார். கண்ணாடி பொருத்தும் பணி நடைபெற்று வருகிறது.

விழாத் தலைவர் மழை விடும் நேரத்தில் வந்தார். வாசலில் ரிப்பன் இல்லை. கம்பளம் கூடத்தின் கோடியில் கசங்கிக் கிடந்தது. அவர் தலையைத் தாழ்த்தி, மஞ்சள் பட்டின் ஓரமாகவே உள்ளே நடந்து, சட்டத்தைத் தாண்டி வளையம் வரைக்கும் போய்ப் பார்த்தார். "பிரமாதம். இது டெமோவா?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்" என்றார் பிரவீன் தம்பி.

பாவின் கீழே குனிந்தபடிதான் என் உத்தரவை வாங்கிக்கொண்டேன். அந்தப் புகைப்படத்தில் என் முகம் தெரியாது. கொண்டை மட்டும் தெரியும்.

நடைபெற்று வரும் பணி

வடக்கு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் கோமளா ஒரு பச்சைச் சேலைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருக்கிறாள். அன்று வரச் சொன்ன இரண்டு பெண்களும் எதிரே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதற்கு முடிவே கிடையாது.

அந்த நடுப்பாளம் மறுபடி வரவில்லை. மேலிடத்திலிருந்து கேட்கும்போதெல்லாம் பணி நடைபெற்று வருகிறது என்று பிரவீன் தம்பி பதில் அனுப்புகிறார். மீட்டிங் ரூமில் ஏ.சி. குளிர் நிற்பதில்லை என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஆனால் மழை இருட்டினால் அவர்களே வாசல் பக்கம் பார்க்கிறார்கள். "பாவு!" என்ற குரல் கேட்டதும் லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கஞ்சித் தண்ணீர் ஷூவில் சொட்டினால் யாருக்குமே கால் தானாக மேலே போகும். அப்படி ஒரு வரிசை நாற்காலிகளில் தூக்கிய கால்களைப் பார்த்தபோது, குமாஸ்தாவின் பொடி வாசனை எனக்கு ஒரு நொடி வந்தே போனது.

சென்னைக் கடையிலிருந்து முதல் பணம் வந்ததும் ரஷீத் பாய் கடைக்குப் போனேன். நடுப்பாளத்துக்கான தொகையை ஒரு கவரில் வைத்து நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"இத நான் வாங்கினா அது யாரு கண்ணாடி ஆவும்? யோசிச்சுப் பாரும்மா."

"எனக்குத் தூக்கம் வரல பாய்."

"ஒனக்கு எதுக்குத்தான் தூக்கம் வந்துது? டீ சாப்புடு."

அவர் மகள் கல்யாணத்துக்குச் சேலைகள் எங்களிடம்தான் வந்தன. குஞ்சம் கட்டி, கூலி வேண்டாம் என்றேன். "அது வேற, இது வேற" என்று முழுக் கூலியையும் எண்ணி மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏகாம்பரம் அண்ணனும் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார். அவருக்கும் டீதான் கிடைத்தது.

கடன் என்றால் நான் கலங்குகிறவள். பால்காரருக்கு இரண்டு நாள் பாக்கி நின்றாலும் அவர் சைக்கிள் மணிக்குக் கதவிடுக்கில் ஒளிந்துகொள்வேன். இந்த ஒரு கடனை மட்டும் அடைத்துவிடுவேனோ என்றுதான் இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. கவர் வீட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது. ரஷீத் பாய்க்கு நாங்கள் இன்னும் தர வேண்டிய பாக்கி, ஆறாயிரத்து நானூறு ரூபாய்.